ஏழாம் எண் வீட்டுக்கு வடிகால்

புயல் ஓய்ந்து விடிந்தபோது ஷெக் காம்தாயின் படகு கடலில் இல்லை. வான்சாய்க் கரையைத் தாண்டி, கரையோரச் சாலையையும் தாண்டி, வலைகாரச் சந்துக்குள் அறுபது தப்படி போய், மாக் ஹிங்கின் கஞ்சிக்கடைக்கும் ஒரு நிலக்கரிக் கொட்டகைக்கும் நடுவிலிருந்த காலி மனையில், யாரோ அளவெடுத்து வைத்ததுபோல உட்கார்ந்திருந்தது. காம்தாயும் மகள் சோய்லினும் தங்களைப் பிணைத்திருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டுப் படகின் கூண்டிலிருந்து தலையை நீட்டினார்கள். மாக் ஹிங் கடை வாசலில் சேற்றை வழித்துக்கொண்டிருந்தான்.

"என்ன, தண்ணிக்கோழி கரையேறிடுச்சு போலயே?" என்றான்.

"கோழி ஏறல. கடல்தான் கொண்டாந்து வச்சிட்டுப் போயிருக்கு."

"வச்சதே வச்சுது, என் கடைப் பக்கத்துலயா வைக்கணும்?"

இப்படிச் சொல்லிவிட்டு உள்ளே போனவன், இஞ்சி தூவிய கஞ்சி இரண்டு கிண்ணம் கொண்டுவந்து நீட்டினான். மாக்கின் வாய் ஒரு மாதிரி, கை வேறு மாதிரி.

காம்தாய்க்கு நாற்பத்திரண்டு வயது. பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்ததும் படகில்தான். துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே ஆள் ஏற்றிப் பிழைப்பவள். நிலத்து ஆட்களுக்குக் கடலில் வருகிற தலைசுற்றல் அவளுக்கு நிலத்தில் வரும். காலுக்கடியில் தரை ஆடாமல் கிடந்தால் அவளால் சோறு உண்ண முடியாது, கண்ணை மூட முடியாது. அதைவிடப் பெரிய கவலைகள் இரண்டு இருந்தன. வெயிலில் கிடக்கிற படகு செத்துக்கொண்டே இருக்கும். பலகை சுருங்கி, இணைப்பு வாய்விட்டு, இரண்டு மாதத்தில் விறகுக்குத்தான் ஆகும். இன்னொன்று, சோய்லினின் கல்யாணம். நிலாக் கணக்கில் ஒன்பதாம் மாதம் ஆறாம் தேதி என்று நாள் குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளை ஷௌகேய்வானில் மீன்பிடிப் படகுக் குடும்பம். பெண் படகிலிருந்து கிளம்பிப் படகில் போய் ஏற வேண்டும். அதுதான் முறை.

அடிப்பலகையில் ஒரே ஒரு கிழிசல். நார் அடைத்து, எண்ணெயும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசி, நான்கே நாளில் தாயும் மகளும் அதைச் சரிசெய்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் சொந்தபந்தம் இருபது பேர் கயிறும் மூங்கில் உருளைகளுமாக வந்து இறங்கினார்கள். "ஏலேலோ" என்று ஒரு இழுப்பு இழுப்பதற்குள் தலைப்பாகை கட்டிய போலீஸ்காரர் வந்து நடுவில் நின்றார்.

"சீட்டு?" என்றார். அவருக்குத் தெரிந்த சீனம் அவ்வளவுதான். ஆனால் அந்த ஊரில் அரசாங்கம் நடத்த அவ்வளவே போதுமானதாக இருந்தது.

இருபது பேரும் கயிற்றைக் கீழே போட்டார்கள். காம்தாய் படகை நகர்த்த அனுமதிச் சீட்டு வாங்கக் கிளம்பினாள்.

துறைமுகக் கச்சேரியின் அதிகாரி ஆஸ்க்வித் துரை. ஆங்கிலத்துக்கும் சீனத்துக்கும் பாலமாக அவர் பக்கத்தில் நின்றவர் துபாஷி யிப். நீள அங்கி, அதற்கு மேல் துரைமார் தொப்பி, தொப்பிக்குக் கீழே பின்னல். அரசாங்கம் நம்பிய துபாஷி அவர் ஒருவரே என்பதால் எல்லாக் கச்சேரிகளிலும் அவரே இருந்தார். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டே இருந்தார்.

"படகு தண்ணியில இருக்கான்னு தொரை கேக்குறாரு," என்றார் யிப்.

"இல்லீங்கய்யா. சந்துல இருக்கு."

"அப்ப அது படகில்லைங்கிறாரு. மிதக்கிறதுக்குப் பேருதான் படகாம்."

"மிதக்க விடத்தாங்க சீட்டு கேக்குறேன்."

"மிதந்தாத்தான் சீட்டு கொடுக்க முடியுமாம்."

ஆஸ்க்வித் துரை கெட்ட மனிதர் அல்ல. அவள் முகம் வாடியதைப் பார்த்துப் பெரிய பதிவேடு ஒன்றை வரவழைத்துத் திருப்பிக் காட்டினார். அதில் ஒவ்வொரு படகுக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: மிதக்கிறது, மூழ்கியது, ஊரைவிட்டுப் போனது.

"என்னுது மூழ்கலீங்க. ஏறிடுச்சு," என்றாள் காம்தாய்.

"ஏறினதுக்குக் கட்டம் இல்லையே," என்றார் துரை, யிப்பின் வாய்வழியாக. "இந்தக் கட்டத்தையெல்லாம் போட்டவங்க லண்டன்ல இருக்காங்க. கட்டத்துக்கு வெளிய ஒண்ணு நடந்துச்சுன்னா அது நடந்ததாவே ஆகாது. நிர்வாகம்ங்கிறதே அதுதாம்மா. நான் பதினோரு வருஷமா இந்தத் துறைமுகத்தைக் கட்டி ஆளுறேன். ஒரு நாள்கூட, ஒரு தடவைகூட, கடலைப் பாக்கப் போனதில்ல. பாத்தா பாரபட்சம் வந்துடும்."

பிறகு பேனாவைத் தொட்டு 'மூழ்கியது' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டு, மை உலர ஊதினார்.

"படகு மூழ்கினதுக்கு அரசாங்கத்தோட அனுதாபத்தைச் சொல்லச் சொல்றாரு," என்றார் யிப். "சந்து சம்பந்தமான விவகாரத்துக்கு நில அளவைக் கச்சேரிக்குப் போகணுமாம். கடல் ஓதம் ஏறி நிக்கிற கோடு வரைக்கும்தான் இவரு இலாகா. அதுக்கு மேல பெட்டிக்ரூ தொரை."

நில அளவைக் கச்சேரியின் சுவரில் வலைகாரச் சந்தின் வரைபடம் தொங்கியது. ஒன்று முதல் பதினான்கு வரை வீடுகள். காம்தாய்க்கு எண் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால், ஆறாம் எண் நிலக்கரிக் கொட்டகைக்கும் எட்டாம் எண் கஞ்சிக்கடைக்கும் நடுவே ஏழு என்று அழகாக ஒரு வீடு வரைந்திருப்பதைக் கண்டிருப்பாள். அந்த வீட்டை யாரும் கட்டவில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு, சந்து முழுதும் கட்டி முடிந்துவிட்டது என்று பெட்டிக்ரூ துரை லண்டனுக்கு எழுதியிருந்தார். எழுதியபோது அது ஒரு நம்பிக்கையாக இருந்தது. லண்டனிலிருந்து ஆண்டுக்கொரு கேள்வி வந்தது: ஏழாம் எண் வீடு எதனால் ஆனது? நல்ல மரத்தால் ஆனது. காற்றோட்டம் எப்படி? மிகச் சிறப்பு. எத்தனை பேர் வசிக்கிறார்கள்? இருவர். ஒவ்வொரு பதிலையும் எழுதியபின் துரைக்கு இரண்டு வாரம் வயிறு சரியில்லாமல் போகும்.

மரத்தால் ஆன, காற்றோட்டமான, இரண்டு பேர் வசிக்கிற ஏதோவொன்று அந்தக் காலி மனையில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று யிப் மொழிபெயர்த்ததும் துரை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். பல்லக்குக்குக்கூடக் காத்திராமல் சந்துக்கு நடந்தே வந்தார். படகை மூன்று முறை சுற்றினார். கண்கள் கலங்கியிருந்தன.

"இதுல தூங்குறீங்களா?"

"படுக்குறோமுங்க. தூக்கம்தான் வரல."

"சமைக்கிறீங்களா?"

"ஆமாங்க."

"கூரை இருக்கு. சரி, இது நகருதா?"

"நீங்க சீட்டு குடுத்தா நகரும்."

"இந்த நிமிஷம் நகருதா?"

"இல்லீங்க."

"வீடு," என்றார் பெட்டிக்ரூ துரை. யிப் அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. துரை சொன்ன விதத்திலேயே விளங்கிவிட்டது.

அன்று மாலைக்குள் ஏழு என்று எழுதிய இரும்புத் தகடு வந்தது. நான்கு ஆணி. ஒவ்வொரு ஆணியும் பக்கப்பலகையில் இறங்கும்போது காம்தாய் தன் பல்லைப் பிடுங்குவதுபோல முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, இத எப்ப இழுத்துட்டுப் போகலாம்?" என்று யிப்பைக் கேட்டாள்.

"வீட்டை இழுக்க முடியாதும்மா. வீட்டை நகர்த்துறது இடிக்கிறதுக்குச் சமம். அரசாங்க எண் போட்ட வீட்டை இடிச்சா ஜெயில்."

"நான் வீடு கேக்கலையே ஐயா."

"நான் வார்த்தையத்தான் பெயர்க்கிறவன். கேட்டது கேக்காதது எல்லாம் என் வேலையில வராது," என்று சொல்லிவிட்டு யிப் அடுத்த கச்சேரிக்கு ஓடினார்.

அன்றிலிருந்து ஏழாம் எண் வீட்டுக்கு ஆள் வருவது நிற்கவில்லை. வீட்டுக்கு வாசற்படி வேண்டும் என்று கருங்கல் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். படகின் விளிம்பு இடுப்புயரத்தில் இருந்ததால் படி எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. சுகாதாரக்காரர் ஒருவர் கூண்டுக்குள் குனிந்து நுழைந்து காற்றை அளந்தார். ஒரு வீட்டுக்கு அனுமதிக்கப்பட்டதைவிடக் காற்று அதிகமாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, குறைக்கும்படி சொல்லிவிட்டுப் போனார். ஒருவர் வந்து துடுப்பைக் காட்டி இது எந்த அறையைச் சேர்ந்தது என்று கேட்டார். காம்தாய் ராத்திரியெல்லாம் புரண்டு படுத்தாள். பகலில் படகின் முன்முனைக்கும் பின்முனைக்குமாக நடந்தாள். ஒரு நாளைக்கு எத்தனை முறை பலகை இணைப்புகளை விரலால் தடவிப் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. வெயில் ஏறஏற இணைப்புகள் நகக்கண் அளவு திறந்துகொண்டு வந்தன. மகளைக் கொண்டு காலையும் மாலையும் வாளி வாளியாகக் கடல்தண்ணீர் ஊற்றவைத்தாள். "நோயாளிய நனைக்கிற மாதிரி நனைக்கச் சொல்றியேம்மா," என்றாள் சோய்லின்.

மாக் ஹிங்குக்கு எரிச்சல். "நாங்க தலைமுறை தலைமுறையா நிலத்துல கெடக்குறவங்க. ஒரு மனைக்கு மனு போட்டுப் போட்டுக் கை ஓஞ்சு போச்சு. இவளுக்குப் பாரு, அரசாங்கமே வந்து வாசற்படி வைக்குது," என்று கஞ்சி குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான்.

"நீயே வச்சிக்கோ மாக். நான் போறேன்."

"எப்படி வச்சிக்க? எண்ணு உன் பேர்ல இருக்கே. பெரிய எடத்து மனுஷி நீ இப்ப."

ஏழாம் மாதம் இருபதாம் தேதி வாக்கில் ஷௌகேய்வானிலிருந்து சம்பந்தியம்மா வந்தாள். கருங்கல் படியில் ஏறி நின்று, அதற்குமேல் ஏற வழியில்லாமல், அங்கிருந்தபடியே பேசினாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க அண்ணி. நாங்க கேட்டது படகுக்காரப் பொண்ணு. நீங்க வீடு வாசல்னு ஆயிட்டீங்க. நிலத்துப் பொண்ணு எங்க படகுல வந்தா வாந்தியெடுத்தே செத்துப்போயிடுவா."

"அத்தை, எனக்கு இங்கதான் வாந்தி வருது," என்றாள் சோய்லின்.

சம்பந்தியம்மா சிரித்துவிட்டாள். ஆனாலும் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டே போனாள். "எங்க மாமனாரு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. கல்யாணத்தன்னைக்குப் படகு தண்ணியில இருந்தா பொண்ண அழைச்சுக்கிறோம். இல்லேன்னா இது இத்தோட போகட்டும்."

அவள் போன மூன்றாம் நாள் யிப் வந்தார். கையில் நீளமான காகிதம். படிப்பதற்கு முன்பே தொண்டையைக் கனைத்தார்.

"அரசாங்க எண் உள்ள எல்லா வீட்டுக்கும் வடிகால் இருக்கணும். வீட்டுத் தரையில ஒரு அடி அகலத்துக்குத் துளை போட்டு, அதைத் தெரு வடிகாலோட சேக்கணும்."

காம்தாய்க்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"தரையிலயா? ஐயா, இதுக்குத் தரைன்னு எதச் சொல்றீங்க? அடிப்பலகையில துளை போடப் போறீங்களா?"

"அப்படித்தான் எழுதியிருக்கு."

அவள் கச்சேரிக்கே ஓடினாள். பெட்டிக்ரூ துரை பொறுமையாகவே விளக்கினார். "இங்க பாரும்மா. நாகரிகம்னா என்ன? அழுக்குத் தண்ணி வெளியே போறது. ரோமாபுரிக்காரன் போனான், வடிகால் நின்னுச்சு. நாளைக்கு நாங்களும் போவோம். எங்க வடிகால் நிக்கும்."

"எங்க பக்கம் நாகரிகம்னா தண்ணி உள்ள வராம இருக்கிறதுங்க," என்றாள் காம்தாய்.

யிப் இதை மொழிபெயர்த்தாரா இல்லையா என்று தெரியாது. துரை தலையை ஆட்டினார், வேலை தொடங்கியது.

வேலையாட்கள் முதலில் சோதனைக்கென்று கடலிலிருந்து படகின் வயிறு வரை இரண்டு சாண் அகலத்தில் ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். எட்டாம் மாதம் முதல் நாள், அமாவாசை. காலையில் கடல் ஏறியது. காம்தாய் கூண்டுக்குள் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். காலுக்கடியில் ஒரு சத்தம் கேட்டது. எழுந்து எட்டிப் பார்த்தாள். அந்த ஒல்லி வாய்க்கால் வழியே கடல் அறுபது தப்படி ஏறி வந்து படகின் அடிப்பலகையை நக்கிக்கொண்டிருந்தது. காய்ந்து கிடந்த மரம் தண்ணீர் பட்டதும் முனகியது. கொஞ்ச நேரத்தில் வந்த வழியே கடல் திரும்பிப் போய்விட்டது.

காம்தாய் வெகுநேரம் அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு துடுப்பை எடுத்துப் படகின் குறுக்கே வைத்து அகலத்தை அளந்தாள். துடுப்பில் கைவைத்த இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டே தெருவில் இறங்கி, வாய்க்காலின் குறுக்கே வைத்துப் பார்த்தாள். வேலையை மேற்பார்வையிட வந்த யிப் இதைக் கண்டார். தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

மறுநாள் அவள் கச்சேரியில் நின்றாள்.

"ஐயா, தொரைகிட்டச் சொல்லுங்க. இந்த வாய்க்கால் எங்களுக்குப் பத்தாது."

"ஏன்னு கேக்குறாரு."

காம்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். "நாங்க ரொம்ப அழுக்கான ஜனங்க."

மொழிபெயர்ப்பைக் கேட்ட பெட்டிக்ரூ துரை பேனாவைக் கீழே வைத்தார். நெஞ்சு விம்மியது.

"பத்து வருஷம்," என்றார். "பத்து வருஷமா இந்த ஊர்ல ஒருத்தராவது இத ஒத்துக்கணும்னு காத்துக்கிட்டு இருந்தேன். எவ்வளவு அழுக்கும்மா?"

அவள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். துடுப்பில் அளந்த அளவுக்கு ஒரு முழம் சேர்த்தே விரித்தாள்.

"முதல் தரம்," என்றார் துரை பரவசமாக. "ராணுவக் குடியிருப்புக்குப் போடுற முதல் தர வடிகால். எட்டு அடி அகலம், ஆளுயர ஆழம், செங்கல் கட்டடம். வீட்டுக்கு அடியிலேருந்தே ஆரம்பிக்கணும்."

யிப் மெல்லத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறும் என்பதை மட்டும் துரையின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அது அவர் கடமை.

"ஓதமா? அது ஆஸ்க்வித்தோட இலாகா," என்றார் துரை. "ஏறுதுன்னா அவர் எனக்கு எழுத்து மூலமாத் தெரிவிக்கட்டும். அதுவரைக்கும் எனக்குத் தெரியாது."

ஆஸ்க்வித் துரை தெரிவிக்கவில்லை. கடலைப் பார்த்தால்தானே தெரிவிக்க.

இரண்டு வாரம் சந்து அல்லோலகல்லோலப்பட்டது. நூறு கூலிகள் தோண்டினார்கள். படகுக்கு அடியில் மண்ணை எடுத்துவிட்டு, குறுக்கே நான்கு கட்டைகள் கொடுத்துத் தாங்கவைத்தார்கள். அதன் கீழே செங்கல் பதித்த பெரும் பள்ளம், கடல்வரை சரிந்து, வாய் திறந்து கிடந்தது. கடல் முனையில் மட்டும் ஒரு மண் வரப்பு. திறப்பு விழாவன்று வெட்டிவிடுவதற்கு. மாக் ஹிங் தன் கடைக்கு வருகிறவர்கள் தாண்டிவர ஒரு பலகை போட்டுக்கொண்டு, "மலம் கழுவ இவ்வளவு பெரிய பள்ளமா? என்னதான்டி திங்கிறீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டான்.

"உன் கஞ்சிதான்," என்றாள் சோய்லின்.

விழாவுக்கு நாள் குறிக்கவேண்டியிருந்தது. உள்ளூர் வழக்கத்தை மதிப்பவர் என்று பெயரெடுக்க விரும்பிய துரை, நல்ல நாள் எது என்று வீட்டுக்காரியையே கேட்கச் சொன்னார். எட்டாம் மாதம் பதினெட்டாம் தேதி காலை என்றாள் காம்தாய். ஆண்டிலேயே கடல் பெரிதாக ஏறும் நாள் அது என்று துறைமுகத்தில் நீந்தும் குழந்தைக்கும் தெரியும். யிப்புக்கும் தெரிந்திருக்கும். "மங்களகரமான நாள்" என்று மட்டும் மொழிபெயர்த்தார்.

ஒரே ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. துளை. அதைத் துரையே தன் கையால் போடப்போவதாக அறிவித்திருந்தார். சொற்பொழிவு முடிந்ததும் வெள்ளிப் பிடி போட்ட துரப்பணத்தால் முதல் துளை.

பதினெட்டாம் தேதி காலை சந்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வாத்தியக்காரர்கள், குடை பிடித்த துரைசானிகள், வெள்ளை உடுப்பில் துரைமார். வீட்டுக்காரர் வீட்டுக்குள் இருந்தால்தான் திறப்பு செல்லும் என்பது விதி என்பதால் காம்தாயும் சோய்லினும் படகில் நின்றார்கள். படகின் முன்முனைக்கு எதிரே பள்ளத்தின் குறுக்கே சிவப்புப் பட்டு நாடா கட்டியிருந்தது. பள்ளத்தை ஒட்டிப் பலகை ஒன்று: 'இவ்வீட்டிலிருந்து இவ்வழியே கடலுக்குச் செல்வது எதுவாயினும் அதை எவரும் தடுக்கலாகாது. மீறினால் தண்டனை.' கடல் முனையில் வரப்பை வெட்டினார்கள். தண்ணீர் உள்ளே நுழைந்தது. துரைமார் கைதட்டினார்கள். அது எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பெட்டிக்ரூ துரை பேசத் தொடங்கினார். யிப் வரிக்கு வரி மொழிபெயர்த்தார்.

"பெருமக்களே, இந்தத் தீவுக்கு நாங்க வந்தப்ப இங்க ஒண்ணுமே இல்ல. வெறும் பாறையும், தங்களுக்கு என்ன வேணும்னே தெரியாத ஜனங்களும்தான். அவங்களுக்கு என்ன வேணும்னு நாங்கதான் சொன்னோம். வேண்டாம்னு சொன்னப்பவும் விடாம கொடுத்தோம். இந்தப் பெண்ணைப் பாருங்க. வீடு கேட்டாளா? இல்ல. வடிகால் கேட்டாளா? முதல்ல இல்ல. நல்ல அரசாங்கத்தோட அடையாளமே அதுதான். கேக்குறவனுக்குக் கொடுக்கிறதுல என்ன பெருமை இருக்கு?"

காம்தாய் பேச்சைக் கேட்கவில்லை. பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கணுக்கால் ஆழம். முழங்கால் ஆழம். ஊரில் எல்லாரும் சொற்பொழிவு எப்போது முடியும் என்று தவிப்பார்கள். அன்று அவள் ஒருத்திதான் முடியக்கூடாதே என்று கடலரசி தின்ஹௌவை வேண்டிக்கொண்டிருந்தாள். நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினாள். தண்ணீர் கட்டைகளைத் தொட்டு, அடிப்பலகையைத் தொட்டு, பக்கப்பலகையில் விரலளவு விரலளவாக ஏறியது. இன்னும் ஒரு சாண் வேண்டும்.

"...ஆகவே, முதல் துளையைப் போட்டு இந்த வடிகாலைத் திறந்துவைக்கிறேன்," என்று துரை முடித்துவிட்டார். வெள்ளிப் பிடி துரப்பணம் அவர் கைக்கு வந்தது.

"ஐயா," என்றாள் காம்தாய். "ஐயா யிப்பு, கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க. கொஞ்ச நேரம். எதையாவது சொல்லுங்க."

யிப் அவளைப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். பதினைந்து வருடத்தில் வார்த்தையைத் தவிர எதையும் பெயர்க்காதவர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு துரைப் பக்கம் திரும்பினார். ஆங்கிலத்தில் அவர் சொன்னதைப் பிற்பாடு அவரே சோய்லினிடம் சொன்னார்: "வீட்டுக்காரி கண்ணீர் விடுகிறாள். துரையவர்கள் தம் இளமைக்காலத்திலிருந்து இந்தப் பதவிக்கு உயர்ந்த கதையைக் கேட்டபின்தான் துளையைக் காணும் தகுதி தனக்கு வரும் என்கிறாள்."

துரை துரப்பணத்தை வாத்தியக்காரனிடம் கொடுத்தார். கதையைப் பிறந்த ஊரிலிருந்து தொடங்கினார். பள்ளிக்கூடத்தில் கணக்கில் தோற்றது, அதனாலேயே நில அளவையைத் தேர்ந்தெடுத்தது, மாமா ஒருவர் மந்திரிக்குத் தெரிந்தவராக இருந்தது, அதைத் தன் உழைப்பு என்று தான் எப்போதும் கருதிவந்திருப்பது, எல்லாவற்றையும் சொன்னார். கதை அவருக்கு மலேரியா கண்ட இடத்துக்கு வந்தபோது படகு ஒரு முறை லேசாக உடம்பை அசைத்தது.

காம்தாயின் காலுக்கு அது முதலில் தெரிந்தது. ஒன்றரை மாதமாகக் கல்லாய்க் கிடந்த தரை உயிர் பெற்று ஆடியது. அவள் துடுப்பை எடுத்தாள். சோய்லின் மூங்கில் கழியைச் செங்கல் சுவரில் ஊன்றி ஒரு தள்ளு தள்ளினாள். ஏழாம் எண் வீடு கட்டைகளிலிருந்து எழும்பி, சிவப்பு நாடாவை மார்பில் வாங்கி அறுத்துக்கொண்டு, துரைமார் வரிசையைக் கடந்து நகரத் தொடங்கியது. வாத்தியக்காரர்கள் இதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்தது என்று நினைத்து வாசிக்க ஆரம்பித்தார்கள்.

தலைப்பாகைப் போலீஸ்காரர் பாய்ந்து வந்து கயிற்றைப் பிடித்தார். யிப் பலகையைச் சுட்டிக்காட்டினார். போலீஸ்காரர் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்து முடித்ததும் கயிற்றை விட்டுவிட்டு, விறைப்பாக நின்று வணக்கம் வைத்தார்.

"அம்மா, பாத்துப் போ, சுவர்ல இடிக்காத," என்று கத்தினான் மாக் ஹிங்.

கடலுக்குள் வந்து வெகுதூரம் போனபின்தான் காம்தாய் திரும்பிப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, இரண்டு கிண்ணம் சோறு ஒரே மூச்சில் உண்டாள். சோய்லின் துடுப்பை வாங்கிக்கொள்வதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

துறைமுகக் கச்சேரியில் பெரிய சிரமம் இருக்கவில்லை. ஆஸ்க்வித் துரை மிதக்கிற படகு ஒன்று புதிதாக வந்திருப்பதைப் பதிவு செய்தார். எங்கே கட்டப்பட்டது என்ற கட்டத்துக்கு, "சந்துல," என்றாள் காம்தாய். எழுதிக்கொண்டார். ஒன்பதாம் மாதம் ஆறாம் தேதி சோய்லின் படகிலிருந்து படகுக்குப் போனாள். மணப்பெண் முறைப்படி பாடவேண்டிய அழுகைப் பாட்டில் பாதிக்குமேல் பாட முடியவில்லை. தாய்க்காரி சிரித்துக்கொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டே அழுதுகொண்டுமிருந்தாள்.

பெட்டிக்ரூ துரை லண்டனுக்கு எழுதிய அறிக்கையில், வடிகால் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வேலை செய்ததாகக் குறிப்பிட்டார். திறந்த ஒரு மணி நேரத்துக்குள் அந்த வீட்டின் அழுக்கு முழுவதையும் அது அகற்றிவிட்டது என்று எழுதினார். வீட்டையும் சேர்த்து என்று எழுதவில்லை. லண்டன் மகிழ்ந்து, நேரில் பார்க்க ஒரு மேலதிகாரியை அனுப்புவதாகப் பதில் போட்டது. துரைக்கு மறுபடி வயிறு கெட்டது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். வலைகாரச் சந்தில் ஏழாம் எண் இல்லாமல் போகக்கூடாது. ஆகவே எட்டாம் எண்ணே இனி ஏழாம் எண்.

குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு நாள் முற்பகல் காம்தாய் படகைத் துறைப்படியில் அணைத்து ஆளுக்குக் காத்திருந்தாள். மாக் ஹிங் வந்தான். கடைத்துணி கட்டவில்லை, நல்ல அங்கி போட்டிருந்தான். கையில் சுருட்டிய காகிதம்.

"அக்கா," என்றான். அவளை அவன் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "என் கடை எட்டாம் நம்பராம். எட்டாம் நம்பர்னு சந்துல ஒண்ணும் இல்லையாம். ஏழாம் நம்பர் உன் பேர்ல இருக்காம். அப்ப நான் யாரு, எங்க கஞ்சி விக்கிறேன்னு நிரூபிக்கச் சொல்லிக் கடிதாசு வந்திருக்கு. இதுக்கு எந்த ஜன்னல்ல போய் நிக்கணும், யாரப் பாக்கணும், ஒண்ணும் புரியல. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

காம்தாய் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கீழேயிருந்த முத்திரை எத்தனை பெரியது என்று பார்த்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். ஏறிக்கொள்ளும்படி நகர்ந்து இடம் விட்டாள்.

"காலையில சாப்பிட்டியா, மாக்?"

"இல்ல. பசிக்கல."

அவள் அடுப்பிலிருந்து பானையை இறக்கி, ஒரு கிண்ணம் நிறைய ஊற்றி அவன் கையில் வைத்தாள்.

"சாப்பிட்டுட்டுப் போ," என்றாள். "கச்சேரியில நேரமாகும்."